ஒரு மாட்டுக்கு இரண்டே துண்டு

சென்ற ஆண்டு நவம்பர் பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். விழுப்புரத்தில் தூறல். குடை பிடித்தால் அதிகம், பிடிக்காவிட்டால் சட்டை நனையும் என்கிற அளவுக்குத் தூறல். திண்டிவனம் போகும் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மடியில் துணிப்பை. பைக்குள் எவர்சில்வர் தூக்கு ஒன்று, பிளாஸ்டிக் உறை மூன்று, பழைய செய்தித்தாள் இரண்டு. மாட்டுக்கறி வாங்கப் போய்க்கொண்டிருந்தேன்.

ஒரு கிலோ கறிக்காக எழுபத்து நான்கு வயதில் ஒருவன் முப்பத்தேழு கிலோமீட்டர் போவானா என்று கேட்பீர்கள். காரணம் என் மனைவி. அவளுக்கு எழுபது வயது. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலுமாக, வாயில் மிச்சமிருந்த பத்தொன்பது பற்களையும் நான்கு தவணையில் பிடுங்கிவிட்டார்கள். ஈறு நன்றாக ஆறிய பிறகுதான் பல்செட். கடைசிப் பல் போனதிலிருந்து நாற்பத்து மூன்று நாட்களாகக் கேப்பைக் கூழ், குழைந்த சாதம், ரசம், மறுபடியும் கேப்பைக் கூழ். அவள் எதையும் வாய்விட்டுக் கேட்கிற பெண் அல்ல. நாற்பத்து ஆறு வருடக் குடித்தனத்தில் தனக்கென்று அவள் கேட்டவை எத்தனை என்று கேட்டால் என்னால் விரல் விட்டுச் சொல்ல முடியும், ஐந்து. அந்த வெள்ளிக்கிழமை ஆறாவது முறையாகக் கேட்டாள். ஒரு வாய் கறி சாப்பிட வேண்டும் போல இருக்கிறது என்றாள். கொத்துக்கறியாகச் செய்து தரட்டுமா என்றேன். வேண்டாம், கறி கறியாக இருக்க வேண்டும் என்றாள். பல் மருத்துவரிடம் கேட்டேன். பஞ்சு மாதிரி வெந்த கறியாக இருந்தால் சின்னச் சின்னதாகக் கொடுக்கலாம் என்றார்.

எங்கள் பக்கத்துக் கடையில் பஞ்சு மாதிரி என்ற பேச்சே கிடையாது. தொடை, கழுத்து, கால், கொஞ்சம் ஈரல், எலும்பு, கொழுப்பு எல்லாவற்றையும் ஒரே குவியலாக வெட்டிப்போட்டு ஒரே விலைக்கு நிறுப்பார்கள். வாங்குபவர் அதிகம் போனால் எலும்பைக் குறைத்துப் போடச் சொல்லலாம். எனக்கு இந்தச் சதைதான் வேண்டும் என்று கேட்பது, பந்தியில் உட்கார்ந்துகொண்டு தனக்கு மட்டும் தனி உலை வைக்கச் சொல்வதைப் போல. மறுநாள் மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது ஒருவர்தான் சொன்னார்: திண்டிவனத்தில் ஒரு கடையில் ஓட்டல்களுக்குக் கொடுப்பதற்காகச் சதை சதையாகப் பிரித்து வைப்பார்கள், அங்கே போய் அண்டர்கட் என்று கேளுங்கள், முதுகெலும்புக்கு அடியில் இருக்கிற சதை, மூன்று விசிலில் வெந்துவிடும் என்று.

முப்பத்து நான்கு வருடம் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். எடை போடுவதும் எண்ணுவதும் சந்தேகப்படுவதும்தான் என் உத்தியோகம். என்னை ஏமாற்ற ஒருவன் பிறந்துதான் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் கடை. ஏழு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தேன். கொக்கியில் நான்கு கால்கள் தொங்கின. தரையில் ஒரு தலை. மேடையில் மூன்று கத்திகள். எனக்கு முன்னால் ஏழு பேர். எல்லாவற்றையும் எண்ணினேன். ஓரத்தில் ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மாள், ஒலக்கூர் பக்கத்திலிருந்து வருபவராம், மணைக்கட்டையில் உட்கார்ந்து குடல் கழுவிக்கொண்டிருந்தார்.

கடைக்காரருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அண்டர்கட் வேண்டும் என்றேன். யாருக்கு என்று கேட்டார். மனைவிக்குப் பல் இல்லை என்பதிலிருந்து கேப்பைக் கூழ் வரைக்கும் சொன்னேன். பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஓட்டல் ஆள் உடனே, இரண்டும் தனக்கென்று சொல்லி வைத்ததாயிற்றே என்றார். கடைக்காரர் அவரிடம், "வயசானவங்க கேக்குறாங்க, ஒண்ணு போவட்டும் உடு நைனா" என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் முன்னால் போட்டார்.

அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் தடித்து, போகப் போக ஒல்லியாகி, கடைசியில் எலிவால் மாதிரி முடிந்தது. நிறம் கருஞ்சிவப்பு. மேலே வெள்ளையாகப் பளபளவென்று ஒரு ஜவ்வு. பக்கவாட்டில் ஓரத்துச் சதை ஒன்று கயிறு போல ஒட்டித் தொங்கியது. விரலால் தொட்டால் கொழகொழவென்று உள்ளே போனது. பழைய கறி, கழித்துப் போட்டது, கிழவன் தலையில் கட்டுகிறான் என்று முடிவு செய்தேன். அதற்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு துண்டு கிடந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே கனம், உருட்டி வைத்த பாய் மாதிரி. வெளிர்ச் சிவப்பு. ஒரு பக்கம் சுத்தமான வெள்ளைக் கொழுப்பு. தொட்டால் கெட்டியாக, புதிதாக இருந்தது. அதைக் கொடுக்கச் சொன்னேன்.

அது வேறு, இது வேறு என்றார் கடைக்காரர். வேறு என்பது எனக்கே தெரிகிறது, நல்லதை ஓட்டலுக்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை எனக்குத் தள்ளுகிறாய் என்றேன். என் குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்திருக்கும். ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் குடல் கழுவிக்கொண்டிருந்த அம்மாள் தலையை நிமிர்த்தினார்.

"ஐயா, அந்தக் கூம்புனதையே வாங்கிக்கினு போங்க. பல்லு இல்லாதவங்கன்னு சொல்றீங்களே."

நான் சொன்ன பதிலை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். "நீ குடலைக் கழுவு. கறியைப் பற்றி எனக்குச் சொல்ல வராதே" என்றேன்.

கடைக்காரரின் முகம் மாறியது. வாலாகக் கூம்பிய துண்டை ஓட்டல் ஆளின் பக்கம் தள்ளினார். அந்த ஆள் அதைத் தட்டிப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டார். அந்த அவசரத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

"சரிங்க சார். நீங்க எத்த அண்டர்கட்டுன்னு சொல்றீங்களோ, அதான் அண்டர்கட்டு. கிலோ ஐந்நூத்தி இருவது."

மற்ற கறி அங்கே கிலோ முந்நூற்று இருபது. எடைத்தட்டைத் துடைக்கச் சொன்னேன். பூஜ்யம் காட்டச் சொன்னேன். கொழுப்பைச் சீவிய பிறகுதான் நிறுக்க வேண்டும் என்று அடம்பிடித்து அறுபது கிராமை மிச்சப்படுத்தினேன். ஒரு கிலோ நூற்றைம்பது கிராம், ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு ரூபாய். போரில் ஜெயித்தவன் போலப் பேருந்தில் ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் தூக்கைப் பார்த்து என்ன என்று கேட்டார். மட்டன் என்றேன். பேருந்தில் நாற்பது வருடமாக அப்படித்தான் சொல்லி வருகிறேன். கிலோ என்ன விலை என்று கேட்டார். அதற்கும் ஒரு பொய் சொல்ல வேண்டி வந்தது.

மனைவி அடுப்படியில் அதிக நேரம் நிற்கக் கூடாது என்பதால் நானே சமைத்தேன். பாதிக் கறியை நறுக்கினேன். மீதியை உறைபெட்டியில் வைத்தேன். மூன்று விசில், எண்ணி மூன்று. முதல் விசிலுக்கே எதிர்வீட்டுச் சன்னல் படாரென்று சாத்தப்பட்டது. எதிர்வீட்டு அம்மாள் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய கறி என்கிற மாட்டுக்கறி வாடை அவருக்கு ஆகாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இது பற்றி வாய்த்தகராறு ஆகி, அன்றிலிருந்து பேச்சில்லை. ஞாயிறு தவறாமல் சன்னல் மட்டும் பேசும்.

ஒரு மணிக்கு மனைவி தலை வாரி, நல்ல புடவை உடுத்திக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். ஒரு துண்டை வாயில் போட்டாள். இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக ஒதுக்கினாள். "வெந்துச்சிங்களா?" என்றாள். மூன்று விசில் கணக்காக வைத்தேன் என்றேன். மறுபடியும் ஒதுக்கினாள். துப்பிவிடுவாளோ என்று எனக்கு ஆத்திரம் வந்தது. விடியற்காலையில் எழுந்து, தூறலில் நனைந்து, பூசையை விட்டு, ஏழு பேர் முன்னால் சண்டை போட்டு வாங்கி வந்த கறி.

"சாப்பிடு. கிலோ ஐந்நூற்று இருபது ரூபாய்" என்றேன்.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். விழுங்கினாள்.

அதன் பிறகு அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. இருமல் வந்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். கை இரண்டும் கழுத்துக்குப் போயின. கண் பிதுங்கியது. உதடு நீலமாக மாறிக்கொண்டே வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர் எடுத்து வந்து வாயில் ஊற்றினேன். அது அப்படியே வெளியே வழிந்தது. வாசலுக்கு ஓடி, யாராவது வாங்களேன் என்று கத்தினேன். யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

முதலில் வந்தது எதிர்வீட்டு அம்மாள். கையில் சோப்பு நுரை. "தண்ணி குடுக்காதீங்க, நவுருங்க" என்று என்னைத் தோளால் இடித்துத் தள்ளினார். மனைவியைக் குனிய வைத்து முதுகில் உள்ளங்கையால் ஐந்து அடி அடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் போய் இடுப்பைச் சுற்றிக் கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே மேல்நோக்கி அழுத்தினார். ஒரு முறை. இரண்டாவது முறை. மூன்றாவதற்குக் கறித்துண்டு தட்டுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. மனைவி மூச்சை இழுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அங்கன்வாடியில் குழந்தைகளுக்காகக் கற்றுக்கொண்டதாம் அது.

அந்தத் துண்டை அந்த அம்மாள் வெறுங்கையால் எடுத்துப் பார்த்தார். கட்டைவிரல் நகம் இரண்டு சேர்ந்த அளவு. தேங்காய் நார் மாதிரி நீள நீளமாக இழை. "இத்தப் போயி பல்லில்லாத பொம்பளைக்கி குடுத்திருக்கீங்களே" என்றார். குப்பைக்கூடையில் போட்டார். எங்கள் குழாயிலேயே சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினார். உள்ளே கிழிந்திருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டு ஆட்டோவுக்குப் போனும் செய்தார்.

தொண்டையில் கீறல். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். அதற்கு மேல் பத்து நாள் கஞ்சித் தண்ணீர் மட்டும். இரண்டாம் நாள் அவளுக்குக் குரல் வந்ததும் நான் முதலில் கேட்டது, மெல்ல முடியவில்லை என்றால் துப்ப வேண்டியதுதானே என்றுதான். அதையும் அதட்டலாகத்தான் கேட்டேன்.

"நீங்க வெலய சொன்னீங்க. துப்ப மனசு வரல" என்றாள்.

இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என் மேலேயே கோபப்பட்டுக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? அடுத்த ஞாயிறு, உறைபெட்டியில் இருந்த மீதிக் கறியைச் சாட்சியாகத் தூக்கில் போட்டுக்கொண்டு திண்டிவனத்துக்குப் பேருந்து ஏறினேன். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டும்போது என்ன பேச வேண்டும் என்று யோசித்தேன். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் ஒன்பது குற்றச்சாட்டுகள் தயார்.

கடையில் அன்று ஐந்து பேர். தூக்கைத் திறந்து மேடையில் கவிழ்த்தேன். என் மனைவி சாகக் கிடந்தாள் என்றேன். பல் இல்லாதவள் என்று தெரிந்தே கொடுத்தாயே, நீ மனுஷனா என்றேன். ஒன்பதில் நான்கு சொல்வதற்குள் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா இப்ப எப்பிடி இருக்காங்க?" என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். "நான் குடுத்தது எது சார்? நீங்க எட்த்துக்கினு போனது எது?"

அதைத் தாண்டி ஐந்தாவது குற்றச்சாட்டுக்குப் போனேன். தெரியாமல் நான்தான் கேட்டேன், சரி. சாதாரணக் கறிக்கு அண்டர்கட் விலை வாங்கினாயே, அது என்ன நியாயம்?

"கறிக்கி வாங்கலிங்க சார். நீங்க சொன்ன பேருக்கு வாங்கினேன். நாலு பேரு எதிர்ல திருடன்னு சொல்லிட்டீங்க. எனக்கும் பேஜாராயிடுச்சி." அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. கல்லாவிலிருந்து இருநூற்று முப்பது ரூபாயை எடுத்து மேடையில் வைத்தார். வித்தியாசத் தொகை சரியாக அவ்வளவுதான். அவரும் அந்த வாரம் முழுவதும் அதைக் கணக்குப் போட்டு வைத்திருந்தார் என்று தெரிந்தது. எடுத்துக்கொண்டேன். தெரிந்தே கொடுத்தது தெரிந்தே கொடுத்ததுதான். அந்த விஷயத்தில் அவரை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

குடல் கழுவும் அம்மாளிடம் போனேன். அன்றைக்குப் பேசியது தப்பு என்றேன்.

"உடுங்கய்யா. கொடலு கழுவுறவதான நானு" என்றார். எனக்கு அது வேண்டியதுதான், அதற்கு மேலும் வேண்டியதுதான்.

ஆனால் அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தார். வாலாகக் கூம்பியது ஒன்று, ஒரே கனமாக உருண்டது ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தொட்டுப் பார்க்கச் சொன்னார். கூம்பியதில் விரல் அழுந்தியது. உருண்டது விரலைத் திருப்பித் தள்ளியது. கத்தியால் இரண்டிலும் ஒரு சீவல் சீவிக் காட்டினார். ஒன்றில் இழை கண்ணுக்கே தெரியாத பொடி. மற்றதில் நூல் நூலாக, ஒரே திசையில். நான் கெட்டது என்று நினைத்த கருஞ்சிவப்பு, பழசு என்று நினைத்த கொழகொழப்பு, கழிவு என்று நினைத்த ஜவ்வும் ஓரச் சதையும் எல்லாமே அதுதான் அண்டர்கட் என்பதற்கு அடையாளம். ஜவ்வைச் சமைக்கும் முன் உரித்துவிட வேண்டுமாம். நான் புதுசு என்று நினைத்தது பின்னந்தொடைக்குள் இருக்கிற உருண்டைச் சதை. அதையும் வேக வைக்கலாம். இழைக்குக் குறுக்கே மெல்லிசாக நறுக்கி, ஒன்பது பத்து விசில் விட்டு, பல் உள்ளவர்களுக்கு.

"இது நடந்து நடந்து ஒழச்ச சதை. அது முதுவுக்கு அடில சும்மா படுத்துக்கினு இருந்த சதை. சும்மா இருந்ததுக்குத்தான் வெல ஜாஸ்தி, எங்க ஊட்டுக்காரரு மாரி" என்றார். ஐந்து பேரும் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஒரு மாட்டுக்கு இது ரெண்டே ரெண்டுதான்யா. அன்னிக்கி காலு, கத்தி, ஆளு எல்லாத்தையும் எண்ணிக்கினு நின்னீங்களே, பாத்துக்கினுதான் இருந்தேன். இத்த எண்ணலியே நீங்க."

ஒரு தலை, நான்கு கால். ஆக ஒரு மாடு. இரண்டு துண்டும் தனக்கு என்று ஓட்டல்காரர் என் காதுபடச் சொன்னார். அதில் ஒன்றைத்தான் கடைக்காரர் எனக்காக எடுத்துப் போட்டார். மூன்றாவதாக ஒன்று எங்கிருந்து வரும்? ஒன்றாம் வகுப்புக் கணக்கு. பார்சலில் ஒரு மூட்டை கூடினாலும் குறைந்தாலும் ரயிலையே நிறுத்தி வைத்தவன் நான். வேகமாக எண்ணினேன், வேண்டாததை எல்லாம் எண்ணினேன்.

அறுநூறு கிராம் உண்மையான அண்டர்கட் வாங்கினேன், அதே ஐந்நூற்று இருபது விலைக்கு. இந்த முறை எடைத்தட்டைத் துடைக்கச் சொல்லவில்லை. பூஜ்யத்தை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

டாக்டர் சொன்ன பத்து நாளும் கழிந்து, நவம்பர் முப்பது, ஞாயிறு, மதியம் ஒரு மணி. உறைபெட்டியில் இருந்த கறியை எடுத்து, ஜவ்வை உரித்து, சுண்டுவிரல் நகத்தளவுக்கு நறுக்கி, மூன்று விசில் வைத்தேன். எதிர்வீட்டுச் சன்னல் முதல் விசிலுக்கு வழக்கம்போலச் சாத்திக்கொண்டது. அது அவர் வீட்டுச் சன்னல், சாத்தட்டும். கரண்டியால் அழுத்தினால் கறி மசிந்தது. தட்டில் வைத்தேன். மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கை வைக்கவில்லை. பயம் அவளுக்கு. எனக்கு அவளைவிட அதிகம். இது நிஜமானது, மாட்டுக்கு இரண்டுதான், இன்ன விலை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"வெலய சொல்லாம போடுங்க. சாப்பிடறேன்" என்றாள்.

வாயை மூடிக்கொண்டேன். அவள் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்து, ஈறால் நசுக்கி, என்னைப் பார்க்காமல் விழுங்கினாள். பிறகு இன்னொன்று. இருபத்தாறு நிமிடத்தில் பதினோரு துண்டு சாப்பிட்டாள்.

இரண்டு முறை கறி, இரண்டு முறை பேருந்து, ஆட்டோ, மருத்துவமனை, மருந்து எல்லாவற்றையும் கூட்டி, கடைக்காரர் திருப்பிக் கொடுத்த இருநூற்று முப்பதைக் கழித்தால், எனக்கு ஆன மொத்தச் செலவு பதினோராயிரத்து எண்ணூற்று அறுபத்தைந்து ரூபாய். என் வாழ்நாளில் கணக்குப் போட்டுவிட்டு அவளிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரே தொகை இதுதான்.